மார்கழியில் வேர் விடுமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பாதிப்பேர் மாணவர்களாகத்தான் இருப்பார்கள். சுற்றிலும் கல்லூரிகளும் பள்ளிகளும் நிறைந்த இடம் அது. சென்ற டிசம்பர் முதல் வாரத்தில் அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியும் நின்றுகொண்டிருந்தாள். கையில், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மணிபிளாண்ட், கோலியஸ், கற்பூரவல்லி ஆகிய மூன்றிலும் சில தண்டுகள், தோழி வீட்டிலிருந்து வாங்கி வந்தவை.

"இது மூணாவது தடவை சார். போன இரண்டு தடவையும் பாட்டில் தண்ணீரில் வைத்தேன். வேர் வருவதற்கு முன்னாலேயே அழுகிப் போச்சு. ஏன் சார்?" என்று கேட்டாள்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன். தாவரவியல் என் துறை அல்ல. ஆனால் இருபது ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டால் ‘தெரியாது’ என்ற சொல் எளிதில் வாயில் வருவதில்லை. "மார்கழி வரப் போகிறது. குளிர்காலத்தில் செடிகள் உறங்கும், வேர் விடாது. பங்குனிக்கு மேல் வைத்துப் பார் அம்மா" என்று சொல்லிவிட்டேன். "நான் படித்த புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கு சார்" என்றாள் அவள். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை அதே இடத்தில் ஒரு நோட்டை என்னிடம் நீட்டினாள். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சாராய வெப்பமானியை இரவல் வாங்கி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தன் வீட்டு முன்னறையில் மூன்று மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்திருந்தாள். மிகக் குறைந்தது, அதிகாலையில் 22 டிகிரி செல்சியஸ். மிக அதிகம், பிற்பகலில் 27 டிகிரி. "தண்டு வேர் விட 18 முதல் 25 டிகிரி வரை நல்லது என்று அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில் இருக்கு சார். எங்க வீடு சரியான சூட்டில்தானே இருக்கு? அப்புறம் எது குளிர்காலம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ‘அளந்து பார்க்காமல் சொல்லாதே’ என்று ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாணவர்களிடம் சொல்கிறவன் நான். மாணவ நண்பர்களே, அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. ‘குளிர்காலத்தில் போத்து வைக்காதே’ என்ற அறிவுரை நம் சமவெளிக்குப் பொருந்தாது என்பது இப்போது என் கருத்து. காவேரிக்கரையில் வீட்டுக்குள் போத்து வைக்க மார்கழியைப் போல நல்ல மாதம் வேறு இல்லை என்றும் சொல்வேன்.

போத்து என்பது புதுச் சரக்கு அல்ல. முருங்கையை நாம் விதை போட்டா வளர்க்கிறோம்? கிளையை வெட்டி நடுகிறோம். வேலிக் கிளுவை, கல்யாண முருங்கை, கரும்பு, மரவள்ளி, குளித்தலைப் பக்கத்து வெற்றிலைக் கொடி எல்லாமே தண்டுத் துண்டிலிருந்து வருபவைதான். தண்டின் கணுவில் உயிரணுக்கள் பிரிந்து புதிய வேரை உண்டாக்கும் ஆற்றல் இருக்கிறது. நுனியிலும் இளம் இலைகளிலும் தோன்றும் ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கி வெட்டு வாயருகே சேர்கிறது. அது வேரைத் தூண்டுகிறது. அந்தப் பொருள் ஒன்று உண்டு என்பதை 1920-களில் ஓட்ஸ் முளைகளைக் கொண்டு காட்டியவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஃபிரிட்ஸ் வென்ட். உயிரியலில் இதை விரிவாகப் படிப்பீர்கள். நான் என் துறைக்கு வருகிறேன்.

வெட்டிய தண்டின் பெரிய சங்கடம் ஒரு வரவு செலவுக் கணக்கு. இலைகள் நீராவிப் போக்கின் மூலம் நீரைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. வரவு வைக்க வேண்டிய வேரோ இல்லை. வெட்டு வாய் வழியாகக் கொஞ்சம் நீர் ஏறும், அது போதாது. வேர் வரும்வரை செலவைக் கட்டுப்படுத்த முடிந்தால் தண்டு பிழைக்கும், முடியாவிட்டால் வாடும்.

அந்தச் செலவைத் தீர்மானிப்பது எது? காற்றின் ஈரப்பதம் என்று உடனே சொல்வீர்கள். சரி, ஆனால் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்று ஏற்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத்தான் பூரித நீராவி அழுத்தம் என்கிறோம். 26 டிகிரியில் அது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரசம். 38 டிகிரியில் ஏறத்தாழ 50. வெப்பநிலை 12 டிகிரி ஏறினால் எல்லை இரு மடங்காகிவிடுகிறது! இந்த எல்லைக்கும் காற்றில் உண்மையில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ‘காற்றின் தாகம்’ என்று நாம் பெயரிட்டுக்கொள்வோம். இலையிலிருந்து நீரை இழுப்பது இந்தத் தாகம்தான்.

மே மாதப் பிற்பகல் ஒன்றில் திருச்சியில் 38 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இருப்பது 50-இல் 35 விழுக்காடு, அதாவது பதினேழரை. தாகம் முப்பத்திரண்டரை. இனி மார்கழி. வீட்டுக்குள் 26 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு. காற்றில் இருப்பது 25-இல் 75 விழுக்காடு, ஏறத்தாழ 19. தாகம் 6 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு! இந்தக் கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். மே மாதக் காற்றிலும் மார்கழிக் காற்றிலும் உள்ள நீராவி கிட்டத்தட்ட சமம். மே மாதக் காற்று ‘வறண்ட காற்று’ என்று நாம் சொல்வது அதில் நீர் இல்லாததால் அல்ல. சூட்டினால் அதன் வயிறு பெரிதாகிவிட்டதால்.

இப்போது அந்தப் புத்தகம் பிறந்த ஊருக்குப் போவோம். லண்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் வெளியே 0 டிகிரி, காற்று ஈரத்தால் பூரிதமாக இருக்கிறது. ஆனால் 0 டிகிரியில் பூரித நீராவி அழுத்தமே வெறும் 4.6 மில்லிமீட்டர்தான். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடேற்றப்படுகிறது. அங்கே எல்லை பதினேழரை. ஒப்பு ஈரப்பதம் 26 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. தாகம் 13 ஆகிவிடுகிறது. வெளியே பனிமூட்டம், உள்ளே உதடு வெடிக்கும் வறட்சி. நம் மார்கழி அறையைப் போல இரு மடங்கு தாகம் உள்ள அறை அது. அதனால்தான் அங்கே போத்துக்குப் பாலிதீன் உறை போடு, நீர் தெளி, தொட்டிக்கு அடியில் மின்சாரச் சூட்டு விரிப்பு வை என்கிறார்கள். அந்த விரிப்பு மண்ணை எத்தனை டிகிரியில் வைக்கிறது தெரியுமா? 21 முதல் 25 வரை. நம் வீட்டுச் சிமெண்டுத் தரை அதைக் காசு வாங்காமல் செய்கிறது.

லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு 1829-இல் மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஈரமண்ணோடு வைத்திருந்த ஒரு கூட்டுப்புழுவைக் கவனித்தபோது, அந்த மண்ணில் ஒரு பெரணிச் செடி தானாக முளைத்திருக்கக் கண்டார். வெளித் தோட்டத்தில் புகையாலும் வறட்சியாலும் பிழைக்காத பெரணி, மூடிய பாட்டிலில் செழித்தது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டியில்தான் பின்னர் கண்டம் விட்டுக் கண்டம் செடிகள் கப்பலேறின. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும் அதில்தான். பெட்டிக்குள் காற்றின் தாகம் ஏறத்தாழ இல்லை. அவ்வளவுதான் அதன் இரகசியம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையால் நம் வீடுகள் தாமாகவே ஓரளவுக்கு அந்தப் பெட்டிகளாகிவிடுகின்றன.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா என் தண்டு ஏன் சார் அழுகுச்சு?" என்றாள்.

நியாயமான கேள்வி. குளிரும் இல்லை, வறட்சியும் இல்லை. ஆனால் தண்டு செத்தது செத்ததுதானே. "பாட்டிலை எங்கே வைத்தாய்?" என்று கேட்டேன். "தெற்குச் சன்னலில் சார். குளிர்காலத்தில் வீட்டிலேயே அதிக வெளிச்சமான சன்னலில் வை என்று புத்தகத்தில் இருக்கு." "அறையில் அளந்தாயே, பாட்டில் தண்ணீரில் அளந்தாயா?" அவள் அளக்கவில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பகல் ஒன்றரை மணிக்கு அளந்தாள். அறைக் காற்று 27 டிகிரி. பாட்டில் தண்ணீர் 38!

காரணம் வானவியல். திருச்சி ஏறத்தாழ 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21, 22 தேதிகளில் சூரியன் தெற்கே 23.4 டிகிரி அட்சத்துக்கு நேர் மேலே நிற்கும். எனவே நண்பகலில் நம் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்து தெரியும். தெற்குச் சன்னலுக்கு மேலே சன்ஷேடு 45 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் நிழல் சன்னலில் எவ்வளவு தூரம் இறங்கும்? 45-ஐ டான் 34 டிகிரியால் வகுத்துப் பாருங்கள். 67 சென்டிமீட்டர் வரும். அதற்குக் கீழே உள்ள சன்னல் பகுதியிலும் அடிக்கட்டையிலும் நேர் வெயில் விழுகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் நண்பகலில் அதே சன்னலில் வெயிலே கிடையாது. ஆக, கோடையில் நிழலான அந்த இடம் மார்கழியில் அடுப்பாகிறது.

லண்டனில் அதே நாளில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் எழுகிறது. பகல் நேரம் எட்டு மணிக்கும் குறைவு. நமக்கோ 56 டிகிரி உயரம், ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரப் பகல். அங்கே ‘அதிக வெளிச்சமான சன்னல்’ என்பது பசித்தவனுக்குச் சொல்லும் வார்த்தை. இங்கே அதை அப்படியே செய்தால் தண்டு வெந்துவிடும்.

வெந்துவிடும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நடப்பது வேறு. தண்ணீருக்குள் இருக்கும் தண்டும் சுவாசிக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் காற்றிலிருந்து ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 38 டிகிரியில் ஆறரைதான். ஆனால் சுவாசத்தின் வேகமோ 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடும் அதே கதை! நீரில் உள்ள பாக்டீரியாக்களுக்கும் சூடு பிடிக்கும். அவையும் ஆக்சிஜனைத் தின்னும். ஆக்சிஜன் இல்லாத நீரில் திசு சாகிறது, செத்த திசு அழுகுகிறது. அவளுடைய போத்துகளை அழித்தது குளிர்காலம்தான் என்று நான் சொன்னதில் ஒரு வகையில் உண்மை இருக்கிறது. ஆனால் குளிரால் அல்ல, சூட்டால்.

அவள் பாட்டில்களை வடக்குப் பக்க அலமாரிக்கு மாற்றினாள். விளக்குப் போடாமல் பகலில் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம். நேர் வெயில் இல்லை, தலைக்கு மேல் மின்விசிறியும் இல்லை. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒவ்வொரு தண்டிலும் மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு கணுவாவது நீருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். மணிபிளாண்டில் இது மிக முக்கியம். கணு இல்லாமல் இலையையும் காம்பையும் மட்டும் வைத்தால் அது பல நாள் பச்சையாகவே இருந்து நம்மை ஏமாற்றும், வேர்கூட விடலாம், ஆனால் புதுத் தளிர் ஒருநாளும் வராது. கற்பூரவல்லியில் எட்டாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. கோலியஸ் பத்தாம் நாள். மணிபிளாண்ட் பத்தொன்பது நாள் பொறுமையைச் சோதித்தது. ஒரு கற்பூரவல்லித் துண்டை மட்டும் பழைய தெற்குச் சன்னலிலேயே விட்டிருந்தாள். நான் சொல்லி அல்ல, தானாகவே. அது ஆறாம் நாள் அடியில் கறுத்தது. ஒரே ஒரு தண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நான் சொன்னபோது, "தெரியும் சார், அடுத்த தடவை அஞ்சு அஞ்சு வைக்கிறேன்" என்றாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் வீட்டில் பாட்டில் தண்ணீர் வைப்பது டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதாகும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் இருமுறை நீரை மாற்றுங்கள். ஆக்சிஜனுக்கும் அது நல்லது. நீரை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை நீரின்றிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வாயைப் பஞ்சால் அடையுங்கள். இதைச் செய்யச் சோம்பல்படுபவர்கள் ஈர மணலில் போத்து வைப்பதே மேல். மணிபிளாண்டின் சாறு வாயையும் தோலையும் அரிக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை உயரத்தில் வையுங்கள்.

‘அப்படியானால் புத்தகம் பொய்யா?’ என்று கேட்பீர்கள். பொய் அல்ல, அது வேறு ஊரின் உண்மை. இந்த இதழை உதகமண்டலத்தில் படிக்கும் மாணவர்கள் என்னை நம்பித் தை மாதத்தில் சன்னல் ஓரம் போத்து வைத்துவிடாதீர்கள். அங்கே இரவில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்கி உறைபனி விழும். உங்களுக்கு லண்டன் புத்தகமே பொருத்தம். ஒரே தமிழ்நாட்டில், ஒரே மாதத்தில், இரண்டு விடைகள். மாதத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுத்தால் இரண்டில் ஒரு ஊர் ஏமாறும்.

எனக்கு உறுத்துவது இதுதான். நம் பள்ளிகளில் ‘தண்டு மூலம் இனப்பெருக்கம்’ உயிரியல் நோட்டில் இருக்கிறது. வெப்பமானி இயற்பியல் நோட்டில் இருக்கிறது. சூரியனின் சாய்வு புவியியல் நோட்டில் இருக்கிறது. மூன்றும் ஒரே பையில் தினமும் பஸ் ஏறுகின்றன, ஆனால் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. செய்முறை நோட்டில் ‘வசந்த காலத்தில் வெட்டுத்தண்டுகளை நடுக’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வசந்தம் என்பது அவர்கள் ஊரில் எந்த மாதம் என்று கேட்டால் விழிப்பார்கள். பங்குனிக்கு மேல் திருச்சியில் என்ன வெயில் என்று நன்றாகத் தெரிந்த நானே ‘பங்குனிக்கு மேல் வை’ என்று சொன்னேனே!

ஒவ்வொரு பள்ளித் தாழ்வாரத்திலும் இரண்டு சாராய வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் என்ன? ஒன்றின் குமிழில் ஈரத் துணித் திரி சுற்றியிருக்கட்டும். திரியின் வால் ஒரு சிறு புட்டித் தண்ணீரில் கிடக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் காற்றின் தாகத்துக்கு எளிய அளவு. நான் மேலே சொன்ன மார்கழி அறையில் அது மூன்று, நான்கு டிகிரி இருக்கும். மே மாதப் பிற்பகலில் பன்னிரண்டு, பதின்மூன்று. ஐந்துக்குக் கீழே இருந்தால் போத்தைத் திறந்து வைக்கலாம், மேலே போனால் பாலிதீன் பை கவிழ்க்க வேண்டும் என்பது என் கணிப்பு. இது சரியா தவறா என்பதை நீங்கள் வைத்துப் பார்த்து எனக்குக் காட்ட வேண்டும். ஓர் ஆண்டு அளந்து சுவரில் எழுதி வைத்தால், அந்தப் பள்ளிக்கென்று, அந்த ஊருக்கென்று ஒரு போத்துப் பஞ்சாங்கம் கிடைத்துவிடும். அச்சடித்த எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும், கைப்பேசியில் ஓடும் எந்தப் படத்திலும் அது கிடைக்காது. பாதரச வெப்பமானி மட்டும் வேண்டாம், உடைந்தால் ஆபத்து.

போன வாரம் அந்த மாணவியைச் சத்திரத்தில் மறுபடி பார்த்தேன். வேர் விட்ட கற்பூரவல்லி ஒன்றைத் தகர டப்பாவில் வைத்து, தண்டு கொடுத்த தோழிக்கே கொண்டுபோய்க் கொடுத்ததாகச் சொன்னாள். சித்திரையில் பத்துத் தண்டு வைக்கப் போகிறாளாம். ஐந்துக்குப் பை கவிழ்த்து, ஐந்தைத் திறந்து. பை போட்டால் ஈரம் நிற்கும். ஆனால் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடு ஏறிவிடாதா என்று கேட்டாள். மண்பானையின் அடியில் ஈர மணல் நிரப்பி, அதில் தண்டுகளை நட்டு, வாயில் பையைக் கட்டி, பானையின் வெளிப்புறத்தை ஈரமாகவே வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பானைச் சுவர் ஆவியாதலால் குளிரும். எத்தனை டிகிரி குளிரும் என்பதை இந்தமுறை நான் சொல்லவில்லை. வெப்பமானியை அவள் இன்னும் பள்ளியில் திருப்பிக் கொடுக்கவில்லை.